சகலை வண்டிக்குப் பூட்டிய சாமான்

ஆண்டியப்பன் வண்டிக்கு அந்தச் சாமானைப் பூட்டியவன் நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது. நல்ல வேலை. பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர். சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருஷம் வண்டி பார்த்துவிட்டு, அறந்தாங்கியில் கொட்டகை போட்டு உட்கார்ந்தவன். சூசைராஜ் மேஸ்திரி என்றால் மணமேல்குடி வரைக்கும் தெரியும். எனக்கு முன்கோபம் அதிகம் என்பதும் தெரியும்.

கட்டுமாவடி மதுரைவீரனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பொன்னுத்தாயைச் சேவுகனுக்கும், இளையவள் உண்ணாமலையை ஆண்டியப்பனுக்கும் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகன்கள் இருவரிடமும் ஆளுக்கொரு வண்டி. பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட, நாலு சக்கரமும் இழுக்கிற முரட்டு வண்டிகள். கரையில் மீனை ஏற்றி அறந்தாங்கி ரயிலடிக்குக் கொண்டு வந்து சேர்ப்பதுதான் இரண்டு பேருக்கும் பிழைப்பு. மதுரைவீரனுக்கு மூன்று வத்தை ஓடியது. வத்தை என்றால் பாய்மரம் கட்டிய பெரிய படகு. அந்த மூன்று வத்தை மீனை முதலில் ஏற்றுகிற உரிமை பெரிய மருமகன் சேவுகனுக்கு. பத்து வருஷமாக அப்படித்தான் நடந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. அடிப்பாகம் சுரண்டி மீன் எண்ணெய் பூச, மாதம் ஒருமுறை வத்தையை மேட்டுக்கு இழுக்க வேண்டும். நாற்பது ஆள் தோள் கொடுத்தாலும் அரை நாள் ஆகும். சேவுகன் ஒரு வேலை கண்டுபிடித்தார். வண்டியின் பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குவார். அந்தச் சக்கரத்தில் வத்தையின் வடத்தை நாலு சுற்றுச் சுற்றுவார். முன்சக்கர இழுப்பை விலக்கிவிட்டு, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால், தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். தரையில் இருக்கிற சக்கரம் அசையாது. வத்தை தானாக மேட்டுக்கு ஏறி வரும். கிளட்சை விட்ட கையோடு கீழே குதித்து, வடத்தின் நுனியையும் அவரே பிடித்துக்கொள்வார். ஒற்றை ஆள் வேலை. கரையில் ஒரு பயல் அதைச் செய்தது கிடையாது. பெண்கள்கூட கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள்.

அதைப் பார்த்துப் பார்த்து ஆண்டியப்பனுக்கு வயிறு எரிந்தது. அதை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆடியில் ஆண்டியப்பன் என் கொட்டகைக்கு வந்தான். வண்டி தண்ணீர் ஓரத்தில் புதைந்து, ஒரு லோடு காரல் மீனும் நண்டும் வெயிலில் கெட்டுப் போயிருந்தது.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னு பேரு. மணல்ல எறங்குனா நகர மாட்டேங்குது மேஸ்திரி," என்றான்.

நாலு சக்கரம் இழுப்பதெல்லாம் ரோட்டில்தான். பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டி உண்டு. வளைவில் ஒரு சக்கரம் கூடவும் ஒன்று குறையவும் ஓட வேண்டுமே, அதற்கு இழுப்பைப் பங்கு வைக்கிறது அது. ஆனால் சுத்த அசடு. எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடும். மணலில் இடது சக்கரம் வழுக்கினால் அதுதான் சுற்றிக் குழி பறிக்கும். கெட்டியான தரையில் நிற்கிற வலது சக்கரம் சும்மா நிற்கும். முன்னாலும் இதே கதை.

இதற்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்று ஒரு சாமான் இருந்தது. உள்ளே தகடுகள் அடுக்கியிருக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் தகடுகள் கவ்விக்கொண்டு மற்றச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும். அணைக்கட்டு வேலைக்கு வந்த அமெரிக்க வண்டிகளை உடைத்து விற்றபோது திருச்சி பழைய சாமான் கடைக்கு இரண்டு மூன்று வந்திருந்தது. ஒன்றைப் பிடித்து ஆண்டியப்பன் வண்டிக்குப் பூட்டினேன். பூட்டிவிட்டு ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்.

"ஒத்தைச் சக்கரத்தை ஜாக்கியில தூக்கிக் கியரைப் போட்றாதே. தரையில இருக்கிற சக்கரமும் சேந்து இழுக்கும். வண்டி ஜாக்கியை விட்டுப் பாஞ்சுரும்."

"நான் எங்க வத்தை இழுக்கப் போறேன்? அதுக்குத்தான் பெரிய மாப்பிள்ளை இருக்காருல்ல," என்றான், முகத்தைக் கோணிக்கொண்டு.

அடுத்த வாரமே அவன் வண்டி கரையில் ராஜாவாகிவிட்டது. ஈர மணலில் இறங்கி, அலை சக்கரத்தை நக்க நின்று, கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு மேலே வந்தது. பக்கத்தில் சேவுகன் வண்டி அச்சு வரை புதைந்து கிடக்க, ஆட்கள் மண்வெட்டியோடு தோண்டிக்கொண்டிருந்தார்கள். மீன்காரப் பெண்கள் சிரித்தார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் காலை மதுரைவீரன் தன் வத்தை மீனையும் சின்ன மருமகன் வண்டிக்குக் கை காட்டினார்.

அன்றைக்கு மத்தியானம் மாமனார் வீட்டில் சாப்பாடு. வண்டியின் கார்புரேட்டரைப் பார்க்க வந்த என்னையும் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டில் கொடுவா மீன் சமைத்தால் தலை பெரிய மருமகன் இலைக்குப் போகும். அது வழக்கம். உண்ணாமலை சட்டியோடு வந்து சேவுகனிடம் குனிந்தாள்.

"தலையைச் சின்ன மாப்பிள்ளைக்கு வையி ஆத்தா," என்றார் மதுரைவீரன். "காலையில அவரு வண்டி மட்டும் இல்லைன்னா அம்புட்டு மீனும் நாறியிருக்கும்."

உண்ணாமலை அக்காளைப் பார்த்தாள். பிறகு தலையைத் தன் புருஷன் இலையில் வைத்தாள். ஆண்டியப்பன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணாடிபோல இருந்த கண்ணை முதலில் நோண்டி எடுத்து, சப்புக்கொட்டித் தின்றான். சேவுகன் பாதிச் சோற்றோடு இலையை மடக்கினார்.

"என்ன மாப்பிள்ளே, அதுக்குள்ள?"

"வயிறு சரியில்ல மாமா."

வெளியே வேலியோரம் பொன்னுத்தாய் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மேஸ்திரியண்ணே, இந்தச் சாமானை ஏன்தான் கொண்டாந்தீங்களோ. வாரம் ஒண்ணாச்சு, மனுசன் ஒரு வாய் ஒழுங்காத் திங்கல. தங்கச்சி வீட்டு வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயி வேலிக்கு அங்கிட்டு நின்னு பாக்குறாரு. ராத்திரி பெரண்டு பெரண்டு படுக்குறாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"போகப் போகச் சரியாயிரும்மா."

"எங்க சரியாகுறது? எனக்கே சரியாகல. நேத்து அவ என்ன சொல்றா தெரியுமா, 'அக்கா, மாமா வண்டி மாட்டிக்கிச்சுன்னா சொல்லி அனுப்பு, எங்க வீட்டுக்காரரை வந்து இழுத்துவிடச் சொல்றேன்'கிறா. கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது?"

மறுநாளே சேவுகன் என்னைத் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். பழைய சாமான் கடைக்காரன் சாக்கை விரித்து, இரண்டு சாமானை எடுத்து வைத்தான். ஒன்று தகடு வைத்தது. மற்றது பல் வைத்தது. பல் வைத்தது ரொம்ப முரடு. இரண்டு சக்கரத்தையும் பல்லோடு பல் கோத்துப் பூட்டிவிடும். திரும்பும்போதுதான் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும்.

"இதுல எது அவன் வண்டியில இருக்கு?" என்று கேட்டார் சேவுகன்.

"தகடு வச்சது."

"அப்ப அது வேண்டாம்."

"அண்ணே, அதுதான் ரோட்டுக்கும் மணலுக்கும் பொதுவா ஒத்து வரும். இந்தப் பல்லு வச்சது திருப்பத்துல டக்கு டக்குன்னு அடிக்கும். டயரைத் தின்னும்."

"எது வலு? அதைச் சொல்லுங்க."

"வலுன்னா பல்லு வச்சதுதான். ஆனா..."

"அதையே எடுங்க. முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு."

"முன்னால பூட்டினா ஸ்டியரிங் ஒங்க பேச்சைக் கேக்காது. திரும்புன்னா நேராப் போயி வயலுக்குள்ள எறங்கும்."

"அவனுக்கு முன்னால இல்லையில்ல?"

"இல்லை."

"அதுக்குத்தான் கேக்குறேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முன்னால் பூட்ட முடியவே முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தேன். இதைப் பூட்டினால் ஒற்றைச் சக்கரத்தில் வடம் சுற்றி இழுக்கிற வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான் என்றேன். ஜாக்கி சமாச்சாரத்தை விவரமாகச் சொன்னேன்.

"ஒங்களுக்கு இது வேண்டாம்ணே. ஒங்க வண்டியோட மவுசே வத்தை இழுக்குறதுலதான் இருக்கு. மணல்ல எறங்காட்டி என்ன, மேட்டுல நின்னு ஏத்துங்க."

சேவுகன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவன்தானே ஒங்களைச் சொல்லச் சொன்னான்?"

"யாரு?"

"என் சகலைதான். எனக்கு இது வந்துறக் கூடாதுன்னு. ஜாக்கியாம், பாயுமாம். சின்னப் புள்ளைக்குப் பூச்சாண்டி காட்டுறீங்க."

அங்கேதான் என் முன்கோபம் தலைதூக்கியது. பட்டாளத்தில் வெள்ளைக்கார சார்ஜென்ட்கூட என் வேலையைப் பொய் என்று சொன்னதில்லை. "போட்டுத் தொலைங்க. எனக்கென்ன வந்துச்சு," என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இன்னும் இரண்டு வார்த்தை பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று நாள் வேலை. சக்கரத்தைக் கழற்றி, அச்சுத் தண்டுகளை இரண்டு பக்கமும் உருவி, பெட்டியைத் திறந்து பழைய டிஃபரன்ஷியலை இறக்கினேன். பெரிய பல்சக்கரத்தைப் புதுச் சாமானில் ஏற்றி, போல்ட்டைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கினேன். பல்லில் சிவப்புப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவி, சுற்றிப் பார்த்து, பொடியின் தடம் எங்கே விழுகிறது என்று கவனித்து, மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் சரி செய்தேன். கொஞ்சம் இறுகினால் ஊளையிடும், தளர்ந்தால் பல் உதிரும். சேவுகன் பக்கத்திலேயே குத்த வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. நடு நடுவே ஒரே கேள்விதான்.

"அவனுக்கும் இம்புட்டு நேரம் பாத்தீங்களா மேஸ்திரி?"

"ஒங்களுக்குத்தான் கூட."

அதைக் கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். வண்டியை ஒப்படைக்கும்போது மறுபடியும் ஜாக்கியைப் பற்றிச் சொன்னேன். "சரி சரி," என்றார்.

சேவுகன் வண்டி கரையில் இறங்கிய அன்று கட்டுமாவடியே கூடியது. தண்ணீருக்குள்ளேயே முழங்கால் ஆழம் இறக்கி, திருப்பி, ஏறி வந்தார். திருப்பத்தில் அந்தச் சாமான் டக்கு டக்கென்று அடித்தது. அது வலுவின் சத்தம் என்று எல்லோரிடமும் சொன்னார். ஆண்டியப்பன் வண்டியை நடுவில் விட்டு வேண்டுமென்றே இரண்டு சுற்றுச் சுற்றினார். மதுரைவீரன் வத்தை மீன் மறுபடியும் அவர் வண்டிக்குத் திரும்பியது.

ஆனால் வத்தை இழுக்க ஆள் இல்லை. ஆவணியில் மதுரைவீரன் கேட்டபோது, "கியர்ல கொஞ்சம் கோளாறு மாமா, அடுத்த மாசம் பாப்போம்," என்றார் சேவுகன். என் பேச்சை அந்த அளவுக்காவது நம்பியிருந்தார். நாற்பது பேர் ஏலேலோ போட்டு இழுத்தார்கள். சாயங்காலம் தோள் வீங்கிப் போய் எல்லோரும் சேவுகனைத்தான் திட்டினார்கள். முன்னே இழுத்தவனுக்கு இப்போது கொழுப்பு என்றார்கள்.

அப்போதுதான் ஆண்டியப்பன் என்னிடம் வந்தான். வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்றிவிட்டுப் படலையும் இழுத்துச் சாத்தினான்.

"மேஸ்திரி, அந்தச் சாமானைக் கழட்டிருங்க. பழசையே மாட்டிருங்க."

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஆனா இப்பக் கரையில வத்தை இழுக்க வண்டி இல்ல. ரெண்டு வண்டியிலயும் ஒரே மாதிரி சாமான் இருந்தா அவருதானே பெரிய மாப்பிள்ளை? என்னை யாரு பாப்பா? இழுக்குற வண்டி என்னதா இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"பத்து வருசம் மேஸ்திரி. அவரு வடத்தைச் சுத்தும்போதெல்லாம் எங்க வீட்டுக்காரிகூட வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தா. நான் பக்கத்துல நிக்கிறேன், என்னைப் பாக்கல. வெந்து போயிட்டேன். இப்ப நான் இழுக்குறேன், அவரு பாக்கட்டும்."

"பாக்கட்டும். ஆனா சாமானைக் கழட்டுனதை அவருகிட்டச் சொல்லிரு."

"ஐயையோ! பூட்டுனதைக் கழட்டிட்டேன்னா சிரிப்பாரு. நீங்களும் சொல்லக் கூடாது. ஒங்க ஊரு மாதா மேல ஆணை."

ஆணையிட்டேன். கழற்றினேன். வாயை மூடிக்கொண்டேன். தொழில்காரன் ஒருத்தன் வண்டி ரகசியத்தை இன்னொருத்தனிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆண்டியப்பன் வத்தை இழுக்க ஆரம்பித்தான். யாரும் வருவதற்கு முன்னால் மணலில் பலகை போட்டு வண்டியை இறக்கி நிறுத்திக்கொள்வான். மீன் ஏற்றும்போது மட்டும் மேட்டிலேயே நின்று பெண்களைச் சுமந்து வரச் சொன்னான். பெரிய மனுஷனாகிவிட்டான் என்றார்கள். புதைந்துவிடும் என்ற பயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சேவுகன் அதைப் பார்த்தார். சகலை வண்டியில் அந்தச் சாமான் இருக்கிறது, ஜாக்கி போட்டும் இழுக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் மேஸ்திரி சொன்னது பொய். தனக்கு மட்டும் சொன்ன பொய். அவர் கணக்கு அதுதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஐப்பசியில் வாடைக் காற்று தொடங்குவதற்கு முன், மூன்று வத்தையையும் மேட்டில் ஏற்ற வேண்டும் என்று மதுரைவீரன் ஆள் கூட்டியிருந்தார். கியர் ஆயில் மாற்ற வேண்டும் என்று சேவுகன் வரச் சொல்லியிருந்ததால் காலை பஸ்ஸில் நானும் போய் இறங்கினேன். ஆண்டியப்பன் முதல் வத்தையை இழுத்து முடித்திருந்தான். மதுரைவீரன் அவன் தோளில் கை போட்டு நின்றார். உண்ணாமலை புருஷனுக்குச் செம்பில் நீராகாரம் கொண்டு வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்துச் சேவுகன் தன் வண்டியைப் பின்னுக்குக் கொண்டு வந்து நிறுத்தினார். ஜாக்கியை எடுத்து வலது பின்சக்கரத்துக்குக் கொடுத்தார்.

"ரெண்டாவது வத்தை என்னது மாமா," என்றார்.

நான் மணலில் ஓடினேன். செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம்.

"அண்ணே, வேண்டாம்! ஜாக்கியை எறக்குங்க!"

"வாங்க மேஸ்திரி. ஒங்க பொய்யை நீங்களே பாருங்க. பாஞ்சுரும்னீங்களே, அவன் வண்டி பாஞ்சுச்சா?"

ஆண்டியப்பனைப் பார்த்தேன். அவன் மணலைப் பார்த்தான். மாமனார், பெண்டாட்டி, பெண்டாட்டியின் அக்காள், ஊர் மொத்தமும் நிற்கிறது.

"சொன்னாக் கேளுங்கண்ணே."

"காரணத்தைச் சொல்லுங்க, கேக்குறேன். அவன் வண்டி பாயாது, என் வண்டி மட்டும் ஏன் பாயும்?"

என் நாக்கு எழவில்லை. மாதா மேல் ஆணை என்பது ஒரு பக்கம். பொய்யன் என்று ஊர் நடுவே சொன்னாரே என்ற வீம்பு இன்னொரு பக்கம். வடத்தைச் சக்கரத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

"அவரு என்னமோ சொல்றாரு, கேளுங்களேன்," என்று பொன்னுத்தாய் கையைப் பிசைந்தாள்.

ஆண்டியப்பன் இரண்டு எட்டு முன்னால் வந்தான். "அண்ணே... ஒங்க வண்டி வேற, என் வண்டி வேறண்ணே."

அதையே அவன் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். சேவுகன் முகம் கறுத்தது.

"ஆமாண்டா. ஒன் வண்டி ஒசத்தி. என் வண்டி மட்டம். தலையும் ஒனக்கு, வத்தையும் ஒனக்கு. தள்ளுடா அங்கிட்டு!"

ஏறி உட்கார்ந்தார். கியரைப் போட்டார். "கழட்டிட்டான், அவன் கழட்டிட்டான்!" என்று நான் அப்போதுதான் கத்தினேன். இன்ஜின் இரைச்சலில் அது யார் காதில் விழும்? கிளட்சை விட்ட கையோடு, பத்து வருஷப் பழக்கத்தில், கீழே குதிக்கக் காலை வெளியே வைத்தார்.

தரையில் நின்ற சக்கரமும் சேர்ந்து இழுத்தது. வண்டி ஜாக்கியை உதறிவிட்டு முன்னால் பாய்ந்தது. சேவுகன் பக்கவாட்டில் விழுந்தார். வடம் சுற்றிய பின்சக்கரம் அவர் வலது காலில் ஏறி இறங்கி, வத்தையையும் நாலு முழம் இழுத்துக்கொண்டு, வலைக் குவியலில் முட்டி நின்றது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பொன்னுத்தாய் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"நான் கொன்னுட்டேன், எங்கண்ணனை நானே கொன்னுட்டேன்," என்று ஆண்டியப்பன் மார்பில் அடித்துக்கொண்டான். பாய்மரத் துணியில் சேவுகனைத் தூக்கி, பக்கத்தில் நின்ற தன் வண்டியின் பின்பலகையில் கிடத்தினான். பொன்னுத்தாயும் நானும் ஏறினோம். மணலில் பலகை போட வேண்டும் என்பதை ஆண்டியப்பன் மறந்தே போய்விட்டான். வண்டியை நேராக மணலில் விட்டான்.

பத்து முழம் போகவில்லை. இடது பின்சக்கரம் சுற்றியது. மணல் வாரி எங்கள் முகத்தில் அடித்தது. வலது சக்கரம் கல்லாட்டம் நின்றது. இன்னும் ஆக்சிலேட்டரை மிதித்தான், இன்னும் புதைந்தது.

படுத்திருந்த சேவுகன் தலையைத் திருப்பிப் பின்பலகைக்கு வெளியே பார்த்தார். வலியில் உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது. ஒற்றைச் சக்கரம் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேய் ஆண்டி," என்றார். "கழட்டிட்டியா?"

ஆண்டியப்பன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

"எப்படா?"

"ஆவணியில. நீங்க வத்தை இழுக்குறதை விட்டீங்கள்ல, அப்ப."

"எதுக்குடா?"

"நீங்க இருந்த எடத்துல நிக்கணும்னு ஆசை வந்துருச்சுண்ணே."

நான் சேவுகன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். கீழே மதுரைவீரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "ரெண்டு வண்டியும் இனிமே என் கரைக்கு வரவேண்டாமப்பா," என்றார். "நாங்க கையாலயே இழுத்துக்கிடுறோம். தலையில வச்சே மீனைச் சுமந்துக்கிடுறோம்."

"என் வண்டிக்கு மாத்துங்க," என்றார் சேவுகன். "அது போகும்."

வலைக் குவியலில் நின்ற வண்டியின் சக்கரத்திலிருந்து வடத்தை அறுத்து எறிந்தேன். அவரை மாற்றிக் கிடத்தினோம். நான் ஓட்டுகிறேன் என்றேன், ஆண்டியப்பன் கேட்கவில்லை. அவனே ஏறினான். நாலு சக்கரத்தையும் சேர்த்து, இரண்டாவது கியரில் விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு ஈர மணல், காய்ந்த மணல், ஓடை மேடு என்று பார்க்காமல் ஏறிப் போயிற்று. எங்கேயும் ஒரு சக்கரம் தனியாகச் சுற்றவில்லை.

ரோடு கண்ணுக்குத் தெரிந்தபோது ஆண்டியப்பன் முன்னாலிருந்து குரல் கொடுத்தான். அழுதுகொண்டேதான் சொன்னான்.

"அண்ணே, மணல்னே தெரியலண்ணே. இந்தப் பல்லு வச்சதை எனக்கும் பாத்திருக்கலாம்."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். திருச்சிக் கடையில் எது வலு என்று சேவுகன் கேட்டபோது இருந்த அதே குரல். சேவுகனுக்கும் அது புரிந்துவிட்டது. பெண்டாட்டி மடியில் தலை, கால் துணி மூட்டையாகக் கட்டிக் கிடக்கிறது, மாமனார் வீட்டுக் கரை இனிமேல் கிடையாது. அத்தனைக்கும் நடுவே அந்த மனுஷன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"அதிகமா மிதிக்காதேடா," என்றார். "என் வண்டி."

பொன்னுத்தாய் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.